டிரைசூட் வாங்கும் முன்: செட்டிநாட்டிலிருந்து குளிர்நீருக்குப் போகிறவர்களுக்கு

நம் பக்கத்துத் தண்ணீருக்கு டிரைசூட், அதாவது உடம்பில் தண்ணீர் படாமல் காக்கும் முழு உடுப்பு, வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்டி, காரங்காடு, பிரப்பன்வலசை என்று பாக் விரிகுடாக் கரையில் எங்கே கயாக் ஓட்டினாலும் கடல்நீர் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அங்கே தேவைப்படுவது முழுக்கை நீச்சல் மேலாடை, தொப்பி, சிப்பி கிழிக்காத காலணி, வார்களை இழுத்துக் கட்டிய லைஃப் ஜாக்கெட், அவ்வளவுதான். 35 டிகிரி வெயிலில் டிரைசூட்டை மாட்டிக்கொண்டு துடுப்புப் போட்டால் வியர்வை ஆறவே ஆறாது. தலைசுற்றல், வாந்தி என்று தொடங்கி வெப்பத்தாக்கில் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வெளிநாட்டில் ஒருவராவது இருக்கிற வீடுகள் ஏராளம். கிளாஸ்கோவில் படிக்கப் போன பெண் பல்கலைக்கழகக் கயாக் கிளப்பில் சேர்கிறாள். வான்கூவரில் வேலை பார்க்கிற தம்பி வார இறுதியில் பாய்மரப் படகு பழகுகிறான். ஐஸ்லாந்து சுற்றுலாவில் சில்ஃப்ரா பிளவில் மிதந்து பார்க்க முன்பதிவு செய்கிறார்கள். லடாக்கில் ஜன்ஸ்கார் ஆற்றில் ராஃப்டிங் போகிறார்கள். இவர்களுக்கெல்லாம் ஒரு கட்டத்தில் டிரைசூட் என்ற சொல் எதிரே வந்து நிற்கும். விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். நல்ல சூட் ஒன்று 1,000 அமெரிக்க டாலரைத் தாண்டுவது சாதாரணம். அவ்வளவு பணம் போட்டுத் தப்பான சூட்டை வாங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குளிரைத் தண்ணீரில் அளக்க வேண்டும்

நம் ஊர்க்காரர்கள் குளிரைக் காற்றில் அளந்தே பழகியவர்கள். மார்கழி விடியலிலும் இங்கே காற்று 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஊருணித் தண்ணீர் அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அதே பழக்கத்தில் ஸ்காட்லாந்து போய், மே மாதம் வெயில் சுள்ளென்று அடிக்கிறதே என்று டி-ஷர்ட்டோடு படகில் ஏறினால் ஆபத்து. கடல் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். அங்கே கடல் மிகவும் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில். அப்போது 6 முதல் 8 டிகிரி. ஆகஸ்ட், செப்டம்பரில்தான் 13, 14 டிகிரியைத் தொடும். மே மாதம் காற்று 20 டிகிரி இருக்கலாம். தண்ணீர் 10 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். படகு கவிழ்ந்தால் நீங்கள் விழப்போவது தண்ணீரில். அதனால் உடுப்பு தண்ணீரின் குளிருக்குத்தான்.

காற்றைவிட நீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீர் பற்றி ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார். உறைநிலையை ஒட்டிய நீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் வசத்தில் இருக்காது. தானாகவே இழுத்து இழுத்து வாங்கும். அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுப்பீர்கள். அடுத்த 10 நிமிடம் வரைதான் கை, கால், விரல்கள் சொன்னபடி கேட்கும். அதற்குள் படகைப் பிடித்து ஏறிவிட வேண்டும், அல்லது விசிலை எடுத்து ஊதிவிட வேண்டும். உடம்பின் உள்சூடு இறங்கி நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். குளிரில் விறைத்துச் சாகிறோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் பலர் அந்த முதல் நிமிடத்திலேயே மூழ்கிப்போகிறார்கள். கண்மாயில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தி வளர்ந்தவர் என்றாலும் அந்த ஒரு நிமிடத்தில் அந்தத் திறமை துணைக்கு வராது. லைஃப் ஜாக்கெட்டும் சரியான உடுப்பும்தான் வரும்.

தோராயமாக ஓர் எல்லை வைத்துக்கொள்ளலாம். 21 டிகிரிக்கு மேல் இருந்தால் கவலை குறைவு. 15 முதல் 21 வரை வெட்சூட் (உடம்போடு ஒட்டும் நியோப்ரீன் என்ற ரப்பர் நுரை உடுப்பு) போதும். விளையாட்டைப் பொறுத்து 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமன். 15க்குக் கீழே போனால் டிரைசூட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். 10க்குக் கீழே கயாக், படகு, ராஃப்டிங் எதுவானாலும் டிரைசூட்தான் என் தேர்வு. அலைச்சறுக்குக்கு மட்டும் விதிவிலக்கு: விடாமல் நீந்துவதும் புரள்வதுமாக இருப்பதால், குளிர்நாட்டு அலைச்சறுக்கர்களும் 5 மில்லிமீட்டர் வெட்சூட்டையே விரும்புவார்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருப்பவர்களுக்கு டிரைசூட் தேவைப்படாது. துபாய்க் கடல் குளிர்காலத்தில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது மெல்லிய வெட்சூட் ஒன்று இருந்தால் சரி.

சூட் சூடு தராது

வெட்சூட் உள்ளே கொஞ்சம் தண்ணீரை விட்டு, அதை உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக்கி, நியோப்ரீன் நுரையால் அந்தச் சூட்டைப் பிடித்துவைக்கும். டிரைசூட் தண்ணீரையே உள்ளே விடாது, ஆனால் அதற்கென்று தனியாகச் சூடு கிடையாது. மழைக்கோட்டுத் துணி மாதிரி மெல்லியதாக இருக்கும். உள்ளே நீங்கள் போடுகிற அடுக்குகள்தான் குளிரைத் தாங்கும். டிரைசூட் போட்டும் குளிருகிறது என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் உள்ளே பருத்தி பனியன் போட்டிருப்பார்கள்.

பருத்தி நம் வெயிலுக்கு வாய்த்த துணி. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையும் வேட்டியும் வியர்வையை உறிஞ்சி உடம்பை ஆற்றுவதால்தான் இங்கே வாழ முடிகிறது. குளிர்நீரில் அதே குணம் எதிரியாகிவிடும். வியர்வையை உறிஞ்சிய பருத்தி ஈரத்தை விடாமல் தோலோடு ஒட்டிக்கொண்டு சூட்டை இறக்கும். முதல் அடுக்காக மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, அதற்குமேல் நீரின் குளிருக்குத் தக்கபடி மெல்லிய அல்லது தடித்த ஃபிளீஸ் என்ற பஞ்சுபோன்ற செயற்கைத் துணி. ஜட்டியும் காலுறையும்கூடப் பருத்தியாக இருக்கக் கூடாது. கரையில் நிற்கும்போது கொஞ்சம் வேர்க்கிற மாதிரிதான் இருக்கும். முகத்திலும் பிடரியிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டு சமாளித்துக்கொள்ளலாம்.

தலையும் கையும் சூட்டுக்கு வெளியேதான் இருக்கும். நியோப்ரீன் தொப்பி, கையுறை இரண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விரல் விறைத்துவிட்டால் எவ்வளவு நல்ல சூட்டாக இருந்தும் துடுப்பைப் பிடிக்க முடியாது.

எந்த விளையாட்டுக்கு எது

கடைப் பக்கங்களில் எல்லாவற்றுக்கும் டிரைசூட் என்ற ஒரே பெயர்தான் இருக்கும். ஸ்கூபா டைவிங்குக்கானது தனி இனம். நெஞ்சில் காற்றை உள்ளே விடும் வால்வும் தோள் பக்கம் வெளியே விடும் வால்வும் இருக்கும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகி, சூட்டுக்குள் இருக்கும் காற்றின் கன அளவு பாதியாகும். காற்றை ஈடுகட்டாவிட்டால் துணி தோலைக் கவ்விப் பிடிக்கும். மேலே ஏறும்போது வெளியேற்றாவிட்டால் ஊதிக்கொண்டு மேலே தூக்கிவிடும். அதனால் கயாக் சூட்டைப் போட்டு டைவ் அடிக்கக் கூடாது. டைவிங் சூட்டைப் படகுக்குப் போட்டாலும் கனமாக இருக்கும், வால்வு லைஃப் ஜாக்கெட்டில் இடிக்கும். டைவிங் சூட்டுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். வாங்கும் முன் அதை முடியுங்கள்.

மூடிய கயாக்கில் இடுப்பைச் சுற்றி நீர்த்தடுப்பு மாட்டுகிறவர்களுக்கு, இடுப்பில் இரட்டைப் பாவாடை மாதிரி மடிப்பு வைத்த சூட் வேண்டும். தடுப்பு அந்த இரண்டு மடிப்புக்கும் நடுவே உட்காரும்; இல்லாவிட்டால் தண்ணீர் தடுப்பின் விளிம்பு வழியாகப் படகுக்குள் கசியும். திறந்த கயாக், நின்று துடுப்புப் போடும் பலகை, ராஃப்டிங் ஆகியவற்றுக்கு இந்த மடிப்பு வீண் செலவு. பாய்மரப் படகுக்காரர்கள் முழங்காலிலும் பின்புறத்திலும் தடித்த ஒட்டு வைத்ததைப் பார்த்து வாங்க வேண்டும். தளத்தில் உராய்ந்து உராய்ந்து அந்த இடங்கள்தான் முதலில் போகும்.

சில்ஃப்ரா மாதிரி இடங்களில் சுற்றுலா நடத்துபவர்களே சூட்டைக் கொடுப்பார்கள். அங்கே நீர் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரி. நீங்கள் கொண்டுபோக வேண்டியது தெர்மல் உள்ளாடையும் தடித்த கம்பளிக் காலுறையும்தான். ஜன்ஸ்காரில் பெரும்பாலும் வெட்சூட் தருவார்கள். ஒன்றிரண்டு முறை போவதற்காகச் சூட் வாங்காதீர்கள். வெளிநாட்டில் தங்கியிருப்பவர்களும் முதல் பருவத்தில் கிளப்பிலிருந்து இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது நல்லது. எந்த அளவு பொருந்துகிறது, கழுத்து லேட்டக்ஸ் என்ற ரப்பர்ப் பட்டையைத் தாங்குகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

துணியைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. கோர்டெக்ஸ் போன்ற ஆவி கடத்தும் சவ்வை நடுவில் வைத்த 3 அடுக்குத் துணிதான் கயாக்குக்கும் படகுக்கும் சரி. உள்ளே ஈரமும் சூடும் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம் இருக்கும்போதுதான் ஆவி வெளியேறும். குளிர்நாட்டில் அது நன்றாக வேலை செய்யும். மலிவான, மூச்சுவிடாத துணியில் வியர்வை வெளியேற வழியில்லாமல் 2 மணி நேரத்தில் உள்ளே நனைந்துபோவீர்கள். டிரைசூட் வாங்கியதன் பயனே போய்விடும். காசை மிச்சப்படுத்த வேண்டுமானால் பாக்கெட், நிறம், பிராண்டு ஆகியவற்றில் மிச்சப்படுத்துங்கள், துணியில் வேண்டாம்.

சீல்தான் சூட்டின் உயிர்

கழுத்து, இரண்டு மணிக்கட்டு, கால் ஆகிய இடங்களில் தோலை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள்தான் சீல். தண்ணீரைத் தடுக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. வாங்கும்போது அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான்.

லேட்டக்ஸ் சீல் மிக இறுக்கமாகத் தோலோடு படியும், நன்றாக இழுபடும், தண்ணீரை விடாது. ஆனால் வெயில், ஓசோன், எண்ணெய் மூன்றும் அதற்கு ஆகாது. முதலில் பிசுபிசுக்கும், பிறகு வெடிக்கும், ஒருநாள் தலையை நுழைக்கும்போது டர்ரென்று கிழிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும். நியோப்ரீன் சீல் கழுத்துக்கு இதமாக இருக்கும், நீண்ட நாள் உழைக்கும், ஆனால் சொட்டுச் சொட்டாக நீர் கசியும். அதனால்தான் கழுத்தில் நியோப்ரீன் வைத்தவற்றை அரை-டிரைசூட் என்று விற்கிறார்கள். கவிழ்ந்தாலும் சில நொடியில் எழுந்துவிடுகிற பழகிய ஆட்களுக்கு அது போதும். நீருக்குள் நீண்ட நேரம் கிடக்க நேரலாம் என்றால் கழுத்துக்கும் லேட்டக்ஸ்தான். சிலிக்கான் சீல் மென்மையானது. லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது வரம். சாதாரணப் பசை சிலிக்கானில் ஒட்டாது என்பதால் வளையத்தில் மாட்டிக் கழற்றும் அமைப்பில் வரும். கிழிந்தால் சில நிமிடத்தில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். பலூனைத் தொட்டால் தோல் தடிக்கிறவர்கள் லேட்டக்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.

கால் பக்கம் கணுக்கால் சீலைவிட, சூட்டோடு சேர்த்துத் தைத்த துணிக் காலுறையே மேல். அதற்குள் கம்பளிக் காலுறை போட்டு, மேலே ஓர் அளவு பெரிய பூட்ஸ் மாட்டிக்கொள்ளுங்கள். சிறு கல் உள்ளே புகுந்து காலுறையை ஓட்டை போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புது லேட்டக்ஸ் கழுத்து சீல் முதல் நாள் கழுத்தைப் பிடித்து நெரிப்பது போலத்தான் இருக்கும். உடனே கத்தரியை எடுத்துவிடாதீர்கள். வாய் வழவழப்பான எவர்சில்வர் பானை ஒன்றை, உங்கள் கழுத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பார்த்து எடுங்கள். சமையலறைப் பானை என்றால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இரண்டு தடவை கழுவித் துடையுங்கள். சீலை அதன்மேல் மெதுவாக இழுத்து மாட்டி ஓர் இரவு நிழலில் விடுங்கள். மணிக்கட்டு சீலுக்கு டம்ளர் போதும். காலையில் கழற்றிப் போட்டுப் பாருங்கள். எச்சில் விழுங்க முடிகிறதா, தலையை இருபக்கமும் திருப்ப முடிகிறதா, 10 நிமிடம் போட்டிருந்தால் முகம் சிவக்கிறதா, தலை லேசாகச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். கழுத்தில் சிவப்புத் தடம் விழுவதில் தவறில்லை. தலைசுற்றுவது வேறு கதை. கழுத்து இரத்தக் குழாயில் அழுத்தம் விழுகிறது என்று பொருள். இன்னோர் இரவும் பானையில் மாட்டிப் பார்த்து, அப்போதும் சரியாகவில்லை என்றால்தான் வெட்ட வேண்டும்.

லேட்டக்ஸ் சீலில் வளையம் வளையமாகக் கோடு இருக்கும். ஒரு தடவைக்கு ஒரே வளையம். நீண்ட அலகுள்ள, நல்ல கூரான கத்தரியால், ஒருவர் இழுத்துப் பிடித்திருக்க இன்னொருவர் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வெட்ட வேண்டும். விளிம்பில் நூலளவு பிசிறு விட்டாலும் பிற்பாடு கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். வெட்டிவிட்டுப் போட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் அடுத்த வளையம். அதிகம் வெட்டிவிட்டால் சீலையே மாற்ற வேண்டியதுதான்.

மணிக்கட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. துடுப்பை இறுகப் பிடிக்கும்போது உள்மணிக்கட்டில் தசைநாண்கள் புடைத்து நடுவே பள்ளம் விழும். ஒல்லியான கைக்காரர்களுக்கு அந்தப் பள்ளம் வழியாகத் தண்ணீர் ஏறும். சீலை இன்னும் இறுக்கிப் பயனில்லை. முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் அளவு மேலே ஏற்றி, சதைப் பிடிப்புள்ள இடத்தில் உட்காரவிடுங்கள்.

எண்ணெய், கயிறு, சங்கிலி

குளிர்நாட்டுக் கையேடுகளில் இதெல்லாம் இருக்காது, நம்மவர்களுக்குத்தான் வேண்டும்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் பிள்ளையை வெளியே அனுப்புகிற அப்பத்தா இங்கே கிடையாது. "எண்ணெய் வைக்காமப் போகாதே தம்பி" என்று ஊரிலிருந்து போனில்கூடச் சொல்வார். சூட் போடுகிற நாளில் மட்டும் அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் தடவிய தலை கழுத்து சீல் வழியாகப் போய் வந்தால், அது லேட்டக்ஸை உள்ளிருந்தே அரிக்கும். சன்ஸ்கிரீன், கொசு மருந்து, வாசலின் எல்லாம் இதே கணக்குத்தான். முதல்நாள் இரவே தலைக்குக் குளித்துவிடுங்கள். சன்ஸ்கிரீனை முகத்துக்கு மட்டும், சூட் போட்ட பிறகு பூசுங்கள். சீல் வழுக்கிக்கொண்டு போக வேண்டுமானால் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், அல்லது மணமில்லாத டால்க் பவுடர் போடுங்கள். வாசனை போட்ட முகப்பவுடர் ஆகாது.

கையில் கட்டியிருக்கும் கோயில் கயிறு சீலுக்கு அடியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் கிடந்தால், திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கயிற்றை முழுவதும் உள்ளே தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் கழற்றிவிடுங்கள். தாலிச் சங்கிலிக்கும் இதே முறைதான். சங்கிலி முழுக்கக் கழுத்து சீலுக்குக் கீழே, உள்ளாடைக்குள் இருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. மோதிரம், காப்பு, வளையல், ஜிமிக்கி எதுவும் சீலைக் கடக்கக் கூடாது. கூரிய நகம்கூட லேட்டக்ஸைக் கீறும். உள்ளாடையின் கைவிளிம்பு சீலுக்கு அடியில் அகப்படாமல் பாருங்கள். தாடி வைத்தவர்கள் சீல் தாடிக்குக் கீழே வெறும் தோலில் படிகிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும்.

போடும் முறையும் முக்கியம். விரல் நுனியால் சீலைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டு உள்ளங்கையையும் சீலுக்குள் விட்டு அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு தலையை நுழைக்க வேண்டும். கழற்றும்போதும் அப்படியே.

ஜிப்

முதுகில் தோளுக்குத் தோள் போகும் ஜிப் என்றால் இன்னொருவர் போட்டுவிட வேண்டும். மார்பின் குறுக்கே சாய்ந்து போகும் ஜிப்பை நீங்களே போடலாம். தனியாகப் போகிற வழக்கம் உள்ளவர்களுக்கு முன்பக்கம்தான். சிறுநீர் கழிக்கத் தனி ஜிப் வைத்ததையே வாங்குங்கள். ஆண்களுக்கு முன்னால், பெண்களுக்குப் பின்புறம் வளைந்து இறங்கும் ஜிப். விலை கூடும் என்று இதை விட்டுவிட்டு, அடக்கிக்கொள்வதற்காகத் தண்ணீர் குடிக்காமல் படகேறுகிறவர்கள் உண்டு. அது உடம்புக்குக் கேடு.

பித்தளைப் பல் ஜிப் உறுதியானது, ஆனால் உப்பில் பச்சை பூக்கும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற காரைக்குடிக்காரர்களுக்கு உலோக அரிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, பல்லின் வெளிப்புறத்தில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தால் போதும். பிளாஸ்டிக் ஜிப்புக்கு மெழுகு வேண்டாம். ஜிப் வந்து முட்டும் கடைசி முனையில், கூடவே கொடுக்கும் சிலிக்கான் கிரீஸைக் கடுகளவு தடவுங்கள். சிலிக்கான் ஸ்ப்ரேயைக் கண்ட இடத்தில் அடித்தால், பிற்பாடு சீலை ஒட்டும்போது பசை பிடிக்காது.

சூட்டுக்குள் தண்ணீர் வெள்ளமாகப் புகுந்தது என்றால், பெரும்பாலும் ஜிப்பைக் கடைசி ஓர் அங்குலம் மூடாமல் விட்டதுதான் காரணம். சிறுநீர் ஜிப்பைத் திறந்து மூட மறப்பதும் உண்டு. தண்ணீரில் இறங்கும் முன் ஒருவர் ஜிப்பை இன்னொருவர் பார்க்க வேண்டும். பிறகு குந்தி உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கழுத்து சீலை ஒரு விரலால் லேசாகத் திறந்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். காற்று மிச்சமிருந்தால் கால் பக்கம் சேர்ந்து உப்பி, நீந்துவதைச் சிரமமாக்கும். ஒருவேளை கிழிந்து தண்ணீர் நிரம்பினாலும் சூட் உங்களை அடியில் இழுத்துவிடாது. நீருக்குள் நீருக்கு எடை இல்லை. கரையேறும்போதுதான் கனக்கும். சூட்டை நம்பி லைஃப் ஜாக்கெட்டை விட்டுவிடக் கூடாது.

அளவு

உள்ளே போடப்போகும் ஃபிளீஸ் அடுக்குகளோடு அளவெடுங்கள். மார்பு, இடுப்பு, கால் நீளம் ஆகியவற்றோடு, தோளிலிருந்து கவட்டை வழியாகப் பின்னால் சுற்றி அதே தோளுக்கு வரும் சுற்றளவு ஒன்று உண்டு. நம்மவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். இது குறைந்தால் குனியும்போதெல்லாம் கழுத்து சீல் கீழே இழுபடும், தண்ணீர் புகும். வெளிநாட்டு அளவுகள் உயரமானவர்களுக்காக வெட்டியவை. வயிற்றுக்காகப் பெரிய அளவு எடுத்தால் கால் பக்கம் துணி சுருண்டு காற்றைப் பிடித்துவைக்கும். குட்டைக் கால், தடித்த இடுப்பு என்று தனி வெட்டும், அளவு கொடுத்துத் தைக்கும் வசதியும் சில நிறுவனங்களில் உண்டு. கோகடாட் அப்படிப்பட்ட ஒன்று. கூடுதல் காசு என்றாலும் தகும்.

ஊருக்கு வந்திருக்கும்போது சூட் கைக்கு வந்தால், பட்டாலைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கால் கட்டைவிரலைத் தொட்டுப் பாருங்கள்; கயாக்கில் உட்காரும் வாகு அதுதான். பிறகு ஆழமாகக் குந்துங்கள், இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்குங்கள், உங்களை நீங்களே கட்டிப்பிடியுங்கள். எதிலும் சீல் இடம் நகரக் கூடாது. ஏசி அறையிலோ விடியற்காலையிலோ, 10 நிமிடத்துக்குள் இதை முடித்துவிட வேண்டும். நம் வெப்பத்தில் அதற்குமேல் போட்டிருப்பது நல்லதில்லை. தண்ணீரில் சோதிக்க வேண்டும் என்று ஊருணியில் இறங்கிவிடாதீர்கள். பல ஊரில் அது குடிநீர். நீச்சல் குளத்தில் காலையில் 10 நிமிடம் மிதந்து பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

செட்டிநாட்டு வீட்டில் வைப்பது

ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவர்கள் சூட்டை இங்கே விட்டுப்போவதுண்டு. மாடி அறை பீரோவில் வைத்தால் அடுத்த வருடம் சீல் மிட்டாய் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். கான்கிரீட் கூரைக்கு நேர்கீழே இருக்கும் அறை கோடையில் லேட்டக்ஸுக்கு உலை. பழைய வீடு என்றால், தடித்த சுண்ணாம்புச் சுவர் உள்ள இரண்டாம் கட்டின் உள்ளறைதான் சரியான இடம்: இருட்டு, ஒரே சீரான வெப்பம். மோட்டார் அறை வேண்டாம். மோட்டாரின் தீப்பொறியில் ஓசோன் உண்டாகும். பாச்சை உருண்டையும் கற்பூரமும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

துவைக்கத் துணிக்கான சோப்புத் தூளும் கம்ஃபோர்ட் வகையும் கூடாது. துணியின் வெளிப்புறத்தில் நீர் ஒட்டாமல் உருளச் செய்யும் பூச்சை அவை கெடுக்கும். நிக்வாக்ஸ் டெக்வாஷ் போன்ற தனிச் சோப்பு உண்டு. அந்தப் பூச்சு போய்விட்டால் வெளித்துணி நீரை உறிஞ்சிக் கனத்து, ஆவி வெளியேறாமல் உள்ளே ஈரமாகும். பலர் அதைக் கசிவு என்று நினைத்துச் சூட்டையே தூக்கிப் போடுகிறார்கள். பூச்சைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் கடைசி அலசலுக்கு மழைநீரோ குடிநீரோ எடுங்கள். மொட்டைமாடி வெயிலில் போடாதீர்கள். வளவு ஓரத்து நிழலில், முதலில் வெளிப்புறம், பிறகு உள்ளே வெளியே திருப்பிப் போட்டு உலர்த்துங்கள். காலுறைப் பகுதி கடைசியில்தான் காயும். பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் சீக்கிரம் காயும். சீலில் மணமில்லாத டால்க் தூவி, ஜிப்பில் மடிப்பு விழாமல் தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.

பழைய சூட், கசிவு, ஒட்டுவேலை

பழைய சூட் வாங்குவதில் தவறில்லை. சீல் பிசுபிசுத்திருந்தால் விலையில் அந்தக் காசைக் கழியுங்கள், சீலை மாற்றிக்கொள்ளலாம். ஜிப் பல் வளைந்திருந்தாலோ துணியின் உள்சவ்வு செதில் செதிலாக உரிந்திருந்தாலோ கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஜிப் மாற்றும் செலவு அதிகம். உரிந்த சவ்வுக்கு மருந்தே இல்லை.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, மணிக்கட்டு இரண்டிலும் பாட்டிலைச் செருகி, கழுத்தில் கால்பந்தை மாட்டி, ஜிப்பை மூடி, ஒரு மணிக்கட்டின் ஓரமாகக் காற்றை ஊதுங்கள். சூட் மெத்தென்று உப்பினால் போதும். திண்ணென்று ஏற்றினால் தையல் பிரியும். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரைப் பஞ்சால் தடவிக்கொண்டே போனால் ஓட்டையில் நுரைமுத்து கிளம்பும். பென்சிலால் வட்டமிட்டு, அலசி, முழுக்கக் காயவிட்டு, உட்புறத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அக்வாசீல் என்ற பசையை ஓட்டையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மெல்லியதாகப் பரப்புங்கள். அது காற்றின் ஈரத்தில் இறுகும் பசை. ஓர் இரவு முழுவதும் தொடாமல் விட்டுவிடுங்கள். ஒருமுறை திறந்த டியூப் சில வாரத்தில் உள்ளேயே கல்லாகிவிடும் என்பதால் மிச்சத்தை மூடி, ஒரு டப்பாவில் போட்டு, மேலே பசை என்று எழுதி ஃபிரீசரில் வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது அறை வெப்பத்துக்கு வந்த பிறகு மூடியைத் திறந்தால் போதும்.